கண்ணியமான விவாதத்துக்குப் பல்கலைக்கழகத்தில் ஒரு மையம்: முதல் தலைப்பு எதுவாக இருக்கலாம்?

வந்தாறுமூலை மாணவர்:

அனைவருக்கும் வணக்கம். கிழக்குப் பல்கலைக்கழகத்தில் பயிலும் நாங்கள் சிலர், கருத்து மாறுபட்டவர்கள் ஒருவரையொருவர் இழிவுபடுத்தாமல் பொதுவிடயங்களைப் பேசவும், உள்ளூராட்சி மன்ற அலுவல்களில் மாணவர்கள் அக்கறை கொள்ளவும் துணைசெய்யும் சிறிய மையமொன்றுக்கான முன்மொழிவை எழுதி வருகிறோம். 2011 ஜனவரியில் அமெரிக்காவின் டூசான் நகரில் காங்கிரஸ் உறுப்பினர் கேப்ரியல் கிஃபோர்ட்ஸ் சுடப்பட்டு, அதே இடத்தில் ஆறு பேர் உயிரிழந்த பின்னர், அரிசோனாப் பல்கலைக்கழகத்தில் இத்தகைய நிறுவகமொன்று தொடங்கப்பட்டது. அதை வாசித்தபோதுதான் இந்த எண்ணம் வந்தது. ஆனால் முதற்கூட்டத்தின் தலைப்பிலேயே எங்களுக்குள் பிணக்கு. கல்முனை வடக்குப் பிரதேச செயலகத்தை முழு அதிகாரமுள்ளதாகத் தரமுயர்த்துவதா என்று தமிழரும் முஸ்லிம்களும் பிணங்கும் விவகாரத்தை எடுப்போம் என்கிறார்கள் சிலர்; எவரையும் புண்படுத்தாத ஒன்றுடன் தொடங்குவோம் என்கிறார்கள் மற்றவர்கள். உங்கள் அபிப்பிராயம் என்ன?

களுவாஞ்சிகுடி ஓய்வுநிலை ஆசிரியர்:

தம்பி, கல்முனையைச் சற்றுப் பொறுத்து எடுங்கள். கோயில் வண்ணக்கர் (அறங்காவலர்) தெரிவுக் கூட்டங்கள் பலவற்றில் இருந்தவன் என்ற முறையில் சொல்கிறேன். எந்தக் குடிக்கு (தாய்வழிக் குலத்துக்கு) எந்த நாள் திருவிழா என்று தொடங்கும் பேச்சு, அரை மணித்தியாலத்தில் பாட்டன் காலத்துப் பகைக்குப் போய்விடும். ஒருமுறை ஒருவர் எழுந்து கணக்குக் கொப்பியைத் திறந்து, எண்ணெய்க்கு இவ்வளவு, மேளகாரருக்கு இவ்வளவு என்று வரிவரியாக வாசிக்கத் தொடங்கினார். சத்தம் தானாகவே அடங்கியது. எல்லோரும் பார்ப்பதற்கு ஒரு தாள் கிடைத்துவிட்டது, அவ்வளவுதான். ஆகவே நீங்களும் தாள் உள்ள விடயத்தை எடுங்கள். 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவலுக்கான உரிமைச் சட்டத்தின் கீழ், குப்பை சேகரிப்புச் செலவைப் பிரதேச சபையிடம் கேட்டு விண்ணப்பியுங்கள். தகவல் அலுவலர் 14 வேலை நாட்களுக்குள் தமது தீர்மானத்தை அறிவிக்க வேண்டும். பதில் வந்ததும் அதை மேசையில் வைத்துப் பேசுங்கள்.

ஒலுவில் பழைய மாணவி:

ஆசிரியர் ஐயா சொன்ன கணக்குக் கொப்பியை ஏற்கிறேன். ஆனால் பொறுத்திருப்பதில் எனக்கு உடன்பாடில்லை. புண்படுத்தாத தலைப்பு என்றால் கடைசியில் மங்கள விளக்கு, பொன்னாடை, குழுப்படம் என்றுதான் முடியும். 2019 ஜூனில் உண்ணாவிரதம் வரை சென்ற ஒரு பிரச்சினையைத் தமிழ், முஸ்லிம் மாணவர்கள் ஒரே விரிவுரை மண்டபத்தில் இருந்துகொண்டு பேசாமல் விடுவதை நான் கண்ணியம் என்று சொல்ல மாட்டேன். நாங்கள் பத்துப் பேர் ஒருநாள் இப்படிச் செய்து பார்த்தோம்: எதிர்த்தரப்பு சொன்னதை, அவர் “ஓம், அதைத்தான் சொன்னேன்” என்று ஒப்புக்கொள்ளும்வரை திருப்பிச் சொன்ன பிறகே பதில் சொல்லலாம். ஒரு தமிழ் மாணவர் மூன்று முறை முயன்றார். “நான் வருமானத்தைச் சொல்லவில்லை, எல்லையைத்தான் சொன்னேன்” என்று சாய்ந்தமருது முஸ்லிம் தோழி ஒவ்வொரு முறையும் திருத்தினார். அன்று எவரும் நிலைப்பாட்டை மாற்றவில்லை. ஆனால் இருவரும் எதில் மாறுபடுகிறார்கள் என்பது அன்றுதான் எங்களுக்குத் தெளிவாகத் தெரிந்தது.

இன்னொன்று. சிரேஷ்ட மாணவர் முன்னால் கனிஷ்டர் தலைகுனிந்து நிற்பதைத்தான் நம் வளாகங்களில் மரியாதை என்று பழக்கிவிட்டார்கள். பகிடிவதையைத் தடைசெய்யும் சட்டம் 1998 இலேயே வந்துவிட்டது, பழக்கம் போகவில்லை. முதலாம் வருட மாணவி இறுதி வருட மாணவரை மறுத்துப் பேச முடியாத இடத்தில் எந்தத் தலைப்பை எடுத்தும் பயனில்லை. சிங்கள மாணவர்கள் வருவார்களானால் மொழிபெயர்ப்பாளர் ஒருவரையும் இப்போதே ஒழுங்குசெய்யுங்கள். தட்டுத்தடுமாறி ஆங்கிலத்தில் பேசுபவரின் நியாயம் எப்போதும் பாதியாகத்தான் கேட்கும்.

வந்தாறுமூலை மாணவர்:

இருவருக்கும் நன்றி. குப்பைச் செலவு குறித்த விண்ணப்பத்தை இந்த வாரமே அனுப்புகிறோம். பதிலுக்காகக் காத்திருக்கும் நாட்களில் திருப்பிச் சொல்லும் முறையைப் பழகி, கல்முனை விவகாரத்தை இந்த அரையாண்டு முடிவதற்குள் எடுப்பதாகத் தீர்மானித்துள்ளோம். முதலாம் வருட மாணவரே முதலில் பேச வேண்டும் என்ற விதியையும் முன்மொழிவில் சேர்த்துவிட்டோம். அதற்குத்தான் எங்கள் குழுவிலேயே எதிர்ப்பு அதிகம். ஆசிரியர் ஐயா, சபையிடமிருந்து பதில் வந்ததும் அந்தக் கணக்கை எங்களுடன் இருந்து வாசித்துத் தர ஒருநாள் வர முடியுமா?