டாலர் பென்ஷனோட பெரம்பூர்ல செட்டில் ஆவலாமா?

அக்கரைத்தம்பி:
எங்க அண்ணன் நியூஜெர்சியில இருக்காரு. அமெரிக்க சிட்டிசன், கையில ஓசிஐ கார்டு (வெளிநாட்டு சிட்டிசன் ஆன நம்மாளுங்களுக்கு இந்தியா குடுக்கிறது). 62 வயசு ஆனதும் அங்கத்த சோஷியல் செக்யூரிட்டி பென்ஷனை எடுத்துக்கிட்டு அண்ணியோட சென்னைப் பெரம்பூருக்கே வந்துடணும்னு ஆசை. மாசம் 1,800 டாலர் வருமாம். டாலர் 85 ரூபான்னு வச்சாலே ஒன்றரை லட்சம். பேப்பர் மில்ஸ் ரோடு பக்கம் லிஃப்ட் இருக்கிற டபுள் பெட்ரூம், சமையலுக்கு ஆள். நான் வாங்கன்னு சொல்லிட்டேன். வீட்டுல, "ஏங்க ஏத்தி விடுறீங்க"ன்னு திட்டு விழுது. நீங்க இன்னா சொல்றீங்க?

லோகோ லோகு:
இதுல கேக்கறதுக்கு இன்னா இருக்கு, வரச் சொல்லு தலைவா. வாடகை 22,000, மளிகை, கரண்ட், கேன் தண்ணி, வேலைக்கு வர்ற அக்கா, எல்லாம் சேத்து 70,000 தாண்டாது. மிச்சம் பேங்குல. அங்க அந்தக் காசு வாடகைக்கே பத்தாது. 2014ல டாலர் 60 ரூபாயை ஒட்டி இருந்துது, 2024ல 83. அங்க விலைவாசி ஏறினா பென்ஷனையும் ஏத்துறான், 2023க்கு மட்டும் 8.7 சதவீதம். ரெண்டு பக்கமும் லாபம்.

கணக்குப்பிள்ளை:
லோகு சார், நீங்க சொன்னது மாசச் செலவு. வயசானவங்களைக் கவுக்கிறது மாசச் செலவு இல்லை.

முதல்ல அந்த 1,800. 1960லயோ அதுக்கப்புறமோ பிறந்தவர் 62லயே எடுத்தா 30 சதவீதம் வெட்டு, ஆயுசுக்கும். 67 வரைக்கும் பொறுத்தா கிட்டத்தட்ட 2,570 டாலர். சீக்கிரம் வந்துடணும்னு அவசரப்படுறதுக்கு இவ்வளவு விலை.

அடுத்தது ஆஸ்பத்திரி. 65ல கிடைக்கிற மெடிகேர்ங்கிற அமெரிக்க அரசு மருத்துவக் காப்பீடு இந்தியாவுல செல்லாது. சரி வேணாம்னு அதுல டாக்டர் செலவுக்கான பார்ட் பியை எடுக்காம விட்டு, 75 வயசுல அமெரிக்காவுக்குப் பிள்ளைங்ககிட்டயே திரும்பிப் போறாருன்னு வைங்க. விட்ட ஒவ்வொரு 12 மாசத்துக்கும் 10 சதவீதம் பிரீமியம் கூடும், அதுவும் ஆயுசுக்கும். விடாம கட்டினா, 2025 கணக்குப்படி மாசம் 185 டாலர். இங்க ஒரு வீட்டு வாடகைக்கு நெருக்கமான பணத்தை, இங்க ஒரு ஊசிகூடப் போட்டுக்க முடியாத காப்பீட்டுக்குக் கட்டணும். அதுக்கு மேல இங்க ஒரு பாலிசி. சுகர், பிபி ஏற்கெனவே இருந்தா அதுக்கு மூணு வருஷம் வரைக்கும் காத்திருக்கச் சொல்லலாம். அதுக்குள்ள நெஞ்சைப் பிடிச்சா கைக்காசுதான்.

லோகோ லோகு:
பைபாஸே பண்ணாலும் அங்க ஆவுற செலவுல பத்துல ஒரு பங்கு ஆவுமா சார் இங்க? சும்மா பயமுறுத்தாதீங்க. இன்ஷூரன்ஸே இல்லாம ரொக்கமா கட்டினாக்கூட இங்கதான் சீப்பு. மிச்சம் புடிக்கிற துட்டுல ரெட்ஹில்ஸ் தாண்டி ஒரு ஏக்கர் நெலம் வாங்கிப் போட்டா போச்சு.

கணக்குப்பிள்ளை:
ஓசிஐக்காரர் விவசாய நிலம் காசு கொடுத்து வாங்க முடியாது. வீடு, ஃபிளாட், கடை மாதிரி கட்டடம்தான் வாங்கலாம். மியூச்சுவல் ஃபண்டுன்னு யாராவது வந்தாலும் ஓட்டம் எடுக்கச் சொல்லுங்க. அமெரிக்க வருமான வரியில நம்மூர் ஃபண்டுக்குத் தனிச் சட்டம், வரி பிடுங்கித் தள்ளிடும். நல்ல சேதியும் ஒண்ணு சொல்றேன்: சோஷியல் செக்யூரிட்டிக்கு இந்தியாவுல வரி கிடையாது, ரெண்டு நாட்டு ஒப்பந்தப்படி அமெரிக்கா மட்டும்தான் போடலாம்.

காசிமேடு குடித்தனம்:
இன்னா லோகு அண்ணே, ரூபா விழுந்தா உங்களுக்குக் குஷியா? எனக்கு சம்பளம் அதே ரூபாலதான் வருது.

நான் வாடகைக்கு இருக்கிறவன், அதனால சொல்றேன். 2017 தமிழ்நாட்டு வாடகைச் சட்டப்படி, ஒப்பந்தத்துல வேற மாதிரி ஒத்துக்கலைன்னா, அட்வான்ஸ் மூணு மாச வாடகைக்கு மேல வாங்கக் கூடாது. எங்க தெரு ஹவுஸ் ஓனருங்க பத்து மாசம் கேக்கிறாங்க. கேட்டதும் ஃபாரின்ல இருந்து வந்தவரு மறுபேச்சில்லாம கொடுக்கிறாரு. அடுத்த வீட்டுக்கும் அதே ரேட்டு. மீன்லயும் இதே கதைதான். தடைக்காலம் ஏப்ரல் 15ல இருந்து ஜூன் 14 வரைக்கும், விசைப்படகு எதுவும் போவாது. வர்ற கொஞ்சநஞ்ச வஞ்சிரத்தை ஒருத்தர் வெலையே கேக்காம "ரெண்டு கிலோ வெட்டுமா"ன்னு சொல்லிட்டுப் போனா, பின்னாடி நிக்கிற நான் சங்கராகூட பேரம் பேச முடியாது. உங்களுக்கு இது சீப்பான ஊரு. எங்களுக்கு ஊரே இதான்.

லோகோ லோகு:
தம்பி, அவரும் இதே ஊர்ல பொறந்தவருதான். பெரம்பூர் பக்கத்துல ஜமாலியால பாதி கடைக்காரன் அவரை "டேய்"னுதான் கூப்புடுவான். வாடகை ஏறினதுக்கு மெட்ரோ காரணம், ஐடி பசங்க காரணம். ரெண்டு பென்ஷன்காரங்க வந்து ஏத்திட்டாங்களா?

காசிமேடு குடித்தனம்:
அவரு மட்டும் ஏத்துறாருன்னு சொல்லல. ஏறுறதுக்கு அவரும் ஒரு கை குடுக்கிறாரு. மெட்ரோவுக்கு மேல பழிபோட்டா என் வாடகை கொறையுமா?

அக்கரைத்தம்பி:
அண்ணன்கிட்ட இதையெல்லாம் படிச்சுக் காமிச்சேன். வெட்டு 30 சதவீதம்னு அவருக்கே தெரியல. 67 வரைக்கும் குடோன் வேலைன்னா முதுகு தாங்காதுங்கிறாரு, அதுவும் நியாயம்தான். இப்போதைக்கு ஜனவரில வந்து, ஏப்ரல் மே வெயிலையும் கரண்ட் பில்லையும் பாத்துட்டு முடிவு பண்றதுன்னு பேசியிருக்கோம். ஏசி ஓடி ரெண்டு மாச பில்லு 500 யூனிட்டைத் தாண்டினா யூனிட் ரேட்டு ஸ்லாப்பே மாறிடும்னு நான்தான் சொல்லி வச்சேன். வீடு மட்டும் பாக்கணும்.

காசிமேடு குடித்தனம்:
மூணு மாசத்துக்கு மேல அட்வான்ஸ் தர மாட்டேன்னு உங்க அண்ணனை ஸ்ட்ராங்கா நிக்கச் சொல்லுங்க. புரோக்கர் இல்லாம வீடு நான் பாத்துத் தரேன்.