புதுப்பிப்பு: அந்த ஸ்பிட்ஃபயரோட ரிஜிஸ்ட்ரேஷன் கதை

இங்கிலாந்து டக்ஸ்ஃபோர்ட்ல இருக்குற ரெண்டாம் உலகப்போர் ஸ்பிட்ஃபயர் விமானம் எம்ஹெச்434 (இது ராணுவ நம்பர்) இப்போ தனியார் விமானம்னா, சிவில் நம்பர் எங்கன்னு போன த்ரெட்ல கேட்டீங்கல்ல, இருக்கு, ஜி-ஏஎஸ்ஜேவி. பழைய போர் விமானங்க சிவில் நம்பரை வெளிய எழுதாம ராணுவ பெயிண்ட்லயே பறக்க பிரிட்டன்ல விலக்கு உண்டு, அதான் பக்கவாட்டுல இசட்டி-பின்னு ஸ்குவாட்ரன் (விமானப்படைப் பிரிவு) எழுத்து மட்டும் பெருசா தெரியுது. 1943ல இங்கிலாந்துல காசில் பிராம்விச் ஃபேக்டரில செஞ்சு, அந்த ஆகஸ்ட்லயே பிரிட்டிஷ் விமானப்படையோட 222 ஸ்குவாட்ரன்ல சண்டைக்குப் போய், போர் முடிஞ்சு டச்சுக்காரங்க வாங்கி ஜாவாவுக்குக் கொண்டுபோய், அப்புறம் பெல்ஜியம் ஏர்ஃபோர்ஸ், அதுக்கப்புறம் பாருங்க, சுட்டுப் பழகுறவங்களுக்கு டார்கெட் இழுக்குற வேலை, கொடுமை! அப்ப நம்பர் ஓஓ-ஏஆர்ஏ. 1963ல இங்கிலாந்து திரும்பினப்பதான் இப்போதைய நம்பர். 1983ல பிரிட்டிஷ் விமானப்படை சாகசக் குழுவான ரெட் ஏரோஸோட முன்னாள் லீடர் ரே ஹன்னா கைக்கு வந்துச்சு. நடுவுல ஓனருங்க மாறினாங்க, ஜி-ஏஎஸ்ஜேவி மட்டும் மாறல.