பின்தொடை அடிக்கடி பிடிச்சுக்குது: நார்டிக் பயிற்சி கபடிக்கு ஒத்து வருமா?

கோபி_கபடி (கேள்வி)

எல்லாருக்கும் வணக்கமுங்க. கோபி பக்கம் ஊர் டீம், 65 கிலோ பிரிவு. பாதிப் பேர் பனியன் கம்பெனிக்குப் போறவங்க, மீதி காலேஜ் பசங்க, ரெண்டு மூணு பேர் பள்ளிக்கூடம். சாயங்காலம் மண் தரையில பிராக்டிஸ். தை பொறந்துட்டா மாரியம்மன் பொங்கல் முடியற வரைக்கும் எங்காச்சும் மின்னொளி கபடி இருந்துக்கிட்டே இருக்கும்.

பிரச்சனை ரைடர்களுக்குத்தான். காலை நீட்டித் தொடும்போதோ, தொட்டுட்டு நடுக்கோட்டுக்குத் திரும்பி ஓடும்போதோ பின்தொடை சுருக்குன்னு பிடிச்சுக்குது. எண்ணெய் போட்டு உருவி, ரெண்டு வாரம் ஓய்வு குடுத்து, வலி போனதும் இறக்கினா மறுபடியும் அதே கால், அதே இடம். நார்டிக் (முட்டி போட்டு, கணுக்காலை ஒருத்தர் அழுத்திப் பிடிக்க, உடம்பை முன்பக்கம் மெதுவா சரிக்கற பின்தொடைப் பயிற்சி) பண்ணச் சொன்னாங்க. பசங்க முதல் நாளே 3 செட் பத்துப் பத்து போட்டுட்டு, அடுத்த நாள் படி இறங்க முடியாம அதோட விட்டுட்டாங்க.

கேட்க வேண்டியது இதுதானுங்க. நார்டிக்கை எப்படி ஆரம்பிக்கிறது? நெசமாவே ஆராய்ச்சி இருக்குதா, இல்ல யூடியூப் பேச்சா? அடிபட்டவனை எப்போ மறுபடி இறக்கலாம்? கோயமுத்தூர்ல ஒருத்தனுக்கு ரத்தம் எடுத்து அதையே பிரிச்சு ஊசி போடலாம்னு சொல்லியிருக்காங்க, அதுக்குச் செலவு பண்ணலாமா?


ஈரோடு_பிசியோ

முதல்ல அளவு. பசங்க ஒரே நாள்ல போட்டது நாலாவது வாரத்துக்கான அளவுங்க. 2011 டென்மார்க் கால்பந்து ஆய்வுல பயன்படுத்தின அட்டவணை இது. முதல் வாரம் ஒரே ஒரு நாள், 2 செட், செட்டுக்கு 5 தடவை. ரெண்டாவது வாரம் 2 நாள், 2 செட், 6 தடவை. மூணாவது வாரம் 3 நாள், 3 செட், 6 முதல் 8. நாலாவது வாரம் 3 நாள், 3 செட், 8 முதல் 10. அஞ்சுல இருந்து பத்தாவது வாரம் வரைக்கும் 3 நாள், செட்டுக்கு 12, 10, 8. அதுக்கப்புறம் சீசன் பூரா வாரம் ஒரு நாள் போதும். அதனால தை மாசம் மேட்ச்சுன்னா ஐப்பசியிலயே தொடங்கிடணும். மேட்ச் ஆரம்பிச்சப்புறம் தொடங்கினா வலியோடதான் ஆடுவாங்க.

செய்யற முறை: முட்டிக்கு அடியில சாக்கை நாலா மடிச்சுப் போடுங்க. மண் தரையில சின்னக் கல்லு குத்தினாலே ஆள் இடுப்பை மடக்கிடுவான். பின்னாடி உட்கார்ற ஆள் கணுக்காலுக்குக் கொஞ்சம் மேல ரெண்டு கையாலயும் அழுத்தி, தன் எடை முழுசும் அதுல இறங்கற மாதிரி சாயணும். செய்யறவன் முட்டியில இருந்து தலை வரைக்கும் ஒரே கோடா நிமிர்ந்து, முன்பக்கம் மெதுவா சரியணும். பின்தொடை தாங்கற வரைக்கும் தாங்கி, இனி முடியாதுங்கற இடத்துல ரெண்டு உள்ளங்கையாலயும் தரையைப் பிடிச்சு, நெஞ்சு தரையைத் தொட்டதும் கையால தள்ளியே மேல வரணும். பின்தொடையால இழுத்து மேல வரப் பார்க்க வேண்டாம். பலன் இறங்கறதுலதான் இருக்குது.

வழக்கமா நடக்கற தப்பு ரெண்டு. இடுப்பை மடக்கி பிட்டத்தைப் பின்னால தள்ளிக்கிட்டு இறங்குவாங்க. சுமை குறைஞ்சு சுலபமாத் தெரியும், ஆனா பின்தொடைக்கு வேலையே இருக்காது. இன்னொண்ணு, பாதி தூரம் வந்ததும் தொப்புன்னு விழறது. ஆரம்பத்துல எல்லாரும் விழத்தான் செய்வாங்க. வாரம் போகப் போக விழற இடம் தரைக்குப் பக்கமா வருதான்னு பாருங்க, அதுதான் முன்னேற்றம். கடைசி வரைக்கும் தாங்கறவனுக்கு நெஞ்சோட ஒரு 5 கிலோ தட்டைப் பிடிக்கக் குடுங்க.

பிராக்டிஸ் முடிஞ்சப்புறம் செய்ங்க. முன்னாடி செஞ்சா களைச்ச தசையோட ரைடு போவாங்க. வலி 24 மணி நேரத்துல இருந்து 72 மணி நேரத்துக்குள்ள உச்சத்துக்கு வரும், அதனால மேட்ச்சுக்கு மூணு நாள் இருக்கும்போதே நிறுத்திடுங்க. இப்போ அடிபட்டு இருக்கறவனுக்கு இது வேண்டாம், அவனுக்கு வேற பயிற்சி இருக்குது.


நொய்யல்_தடகளம்

யூடியூப் பேச்சு இல்லீங்க, விளையாட்டுக் காய ஆராய்ச்சியில அதிகமாச் சோதிச்ச பயிற்சிகள்ல இது ஒண்ணு. 2011-ல வந்த டென்மார்க் ஆய்வுல 50 கால்பந்து டீம், 942 வீரர்கள். நார்டிக் செஞ்ச பக்கம் 15 பின்தொடைக் காயம், செய்யாத பக்கம் 52. மறுபடி மறுபடி வர்ற காயத்துலதான் குறைவு ரொம்ப அதிகம், உங்க கேள்விக்கு அதுதான் முக்கியம். 2015-ல நெதர்லாந்துல உங்களை மாதிரியே சம்பளமில்லாம ஆடற அமெச்சூர் டீம்கள், 579 பேர். அங்கே நார்டிக் செஞ்ச பக்கம் 11, செய்யாத பக்கம் 25. 2019-ல 15 ஆய்வுகளை, 8,459 பேரை ஒண்ணாச் சேர்த்துப் பார்த்து, காயம் பாதியாக் குறையுதுன்னு சொன்னாங்க. 2021-ல வேறொரு குழு அதே கணக்கைத் திரும்பப் போட்டு, அந்த 'பாதி'ங்கறதை அவ்வளவு உறுதியாச் சொல்ல முடியாதுன்னு மறுத்தாங்க. என் அபிப்பிராயம்: செலவில்லாதது, ஒரு சாக்கும் ஒரு கூட்டாளியும் போதும், செய்யறதுதான் லாபம். ஆனா இதைச் செஞ்சா காயமே வராதுன்னு பசங்களுக்கு வாக்குக் குடுக்காதீங்க.

இது தோத்துப் போற இடம் வேற. ஐரோப்பாவோட பெரிய கிளப்புகளையும் நார்வே முதல் டிவிஷனையும் 2015-ல கேட்டுப் பார்த்ததுல, முழு அட்டவணையையும் செஞ்சது பத்துக்கு ஒண்ணுதான். வலிக்குதுன்னு விட்டுடறாங்க. அதுக்கு ஒரு வழி இருக்குது. 2018-ல ஆறு வார ஆய்வு ஒண்ணுல, முதல் ரெண்டு வாரம் கழிஞ்சப்புறம் ஒரு குழு வாரத்துக்கு மொத்தமே 8 தடவை, இன்னொரு குழு 100 வரைக்கும் போச்சு. பலமும் தசை இழைகளோட நீளமும் ரெண்டு பக்கமும் கிட்டத்தட்ட ஒரே மாதிரிதான் கூடிச்சு. பசங்க முகம் சுளிச்சா வாரத்துல ஒரு நாள், 2 செட், 4 தடவைன்னு குறைச்சுக்குங்க. விடாம செய்யறதுதான் கணக்கு.

அடுத்தது, இந்த எண்ணெல்லாம் கால்பந்தோடது. கால்பந்துல பெரும்பாலும் முழு வேகத்துல ஓடும்போது, பாதம் தரையைத் தொடறதுக்குச் சற்று முன்னாடி, தசை நீண்டுக்கிட்டே சுமை தாங்கற நேரத்துல கிழியும். உங்க ரைடர்களுக்கு ரெண்டு விதமும் இருக்குது. திரும்பி ஓடும்போது வர்றது ஓட்டக் காயம். காலை நீட்டி விரலால தொடும்போது, இல்ல நீட்டின காலைக் கார்னர்காரன் கணுக்கால்ல பிடிச்சு இழுக்கும்போது வர்றது நீட்சிக் காயம். ஸ்வீடன்ல ஓட்டக்காரர்களையும் நடனக்காரர்களையும் ஒப்பிட்டாங்க. நடனக்காரங்களுக்கு அடிபட்டது மெதுவா காலை நீட்டும்போது, முதல் நாள் வலியும் கம்மி. ஆனா பழைய நிலைக்கு வர அவங்களுக்கு நடுவாந்திரமா 50 வாரம், ஓட்டக்காரங்களுக்கு 16 வாரம். அதனால 'லேசாத்தான் சுருக்குன்னுச்சு, நடக்க முடியுது'ன்னு சொல்ற ரைடரைத்தான் நான் அதிகம் சந்தேகப்படுவேன். எப்படிப் பட்டுச்சுன்னு ஒவ்வொருத்தனையும் கேட்டு நோட்டுல எழுதி வைங்க.

இன்னொண்ணு: கபடித் தளம் 13 மீட்டர், அதுல பாதிதான் எதிராளி பக்கம். அங்கே ஒருத்தனும் உச்ச வேகத்தைத் தொடறதே இல்லை. அந்தச் சுமை பழகாத தசைக்குத் திடீர்னு வந்தா தாங்காது. ஸ்கூல் மைதானத்துல வாரம் ரெண்டு நாள், 30 முதல் 40 மீட்டர், முதல் ரெண்டு வாரம் முக்கால் வேகம், அப்புறம் முழு வேகத்துல 4 முதல் 6 ஓட்டம், நடுவுல ரெண்டு மூணு நிமிஷம் நல்லா நின்னு மூச்சு வாங்கிட்டு. களைப்போட ஓட விட்டா அது வேகப் பயிற்சியே இல்லை.


கோபி_கபடி

ரொம்ப நன்றிங்க. இதுல மூணு பேரு காலை நீட்டும்போது பட்டவங்கதான், இப்போத்தான் புரியுது. பிசியோ மேடம், அடிபட்ட அன்னைக்கு என்ன பண்றது, எப்போ இறக்கறதுங்கறதையும் ஊசி விஷயத்தையும் சொல்லிடுங்க. ஊர்ல பெரியவங்க உருவி விட்டாத்தான் ரத்தக்கட்டு கலையும்னு நிக்கறாங்க.


ஈரோடு_பிசியோ

பெரியவங்ககிட்ட ஒரு வாரம் கழிச்சுன்னு சொல்லுங்க. புதுசாக் கிழிஞ்ச தசையில முதல் சில நாள் அழுத்தி உருவினா உள்ளே ரத்தக்கசிவுதான் கூடும். முன்தொடையில எதிராளி முட்டி இடிச்சு வர்ற கன்றிப்போன காயத்துல இன்னும் மோசம், தசைக்குள்ளயே எலும்பு படிஞ்சு கட்டியாகிடும். அப்புறம் முட்டி மடங்க மாசக்கணக்கு ஆகும். முதல் ரெண்டு நாள் துணிக்கட்டு, காலை உயர்த்தி வைக்கறது, வலிக்காத அளவுக்கு நடை. ஐஸ் வலிக்காக வேணும்னா 10 நிமிஷம், துணி சுத்தி.

அதுக்கப்புறம் சும்மா படுக்க வைக்காதீங்க. 2017-ல டென்மார்க்ல தசைக் காயம் பட்ட 50 அமெச்சூர் வீரர்களை ரெண்டாப் பிரிச்சாங்க. 2-ஆம் நாள் பயிற்சி தொடங்கினவங்க நடுவாந்திரமா 62.5 நாள்ல ஆட்டத்துக்குத் திரும்பினாங்க, 9-ஆம் நாள் தொடங்கினவங்களுக்கு 83 நாள் ஆச்சு. ஒரே வாரத் தாமதத்துக்கு இருபது நாள்.

அஞ்சாவது நாள்ல இருந்து ஸ்வீடன் முறையில மூணு பயிற்சி. ஒண்ணு: மல்லாந்து படுத்து, அடிபட்ட தொடையை நெட்டுக்குத்தா தூக்கி ரெண்டு கையாலயும் பிடிச்சு, வலி வர்றதுக்குச் சற்று முன்னாடி வரைக்கும் முட்டியை மெதுவா நீட்டி மடக்கணும். தினம் ரெண்டு வேளை, 3 செட், 12 தடவை. ரெண்டு: அடிபட்ட கால்ல நின்னு, முட்டியை லேசா மடக்கி, ரெண்டு கையையும் முன்னால நீட்டிக்கிட்டே உடம்பைச் சாய்ச்சு மற்ற காலைப் பின்னால தூக்கறது. ஒருநாள் விட்டு ஒருநாள், 3 செட், 6 தடவை. மூணு: சிமெண்ட் தரையில, ஒரு கால்ல மட்டும் சாக்ஸ், கை பிடிக்க ஜன்னல் கம்பி. எடை அடிபட்ட கால் குதிகால்ல இருக்க, சாக்ஸ் போட்ட மற்ற காலைப் பின்னால வழுக்க விட்டு, வலிக்கு முன்னாடி நிறுத்தி, கையால இழுத்து மேல வரணும். மூணு நாளைக்கு ஒரு முறை, 3 செட், 4 தடவை. இப்படித் தசையை நீட்டிப் பலப்படுத்தினவங்க சராசரி 28 நாள்ல திரும்பினாங்க. வழக்கமான பயிற்சி செஞ்சவங்களுக்கு 51 நாள் (2013, ஸ்வீடன் கால்பந்து, 75 பேர்). ரைடருக்கு இதுதான் முக்கியம், ஏன்னா அவன் கிழிச்சுக்கறதே தசை நீண்டு நிக்கற நிலையிலதான்.

வலி போயிடுச்சுங்கறது இறக்கறதுக்கான அடையாளமே இல்லை. உங்க பசங்களுக்கு அதே இடத்துல திரும்ப வர்றதுக்குக் காரணம் அதுதான்னு நினைக்கிறேன். இப்படிப் பாருங்க: விரலால அழுத்தினா வலிக்கக் கூடாது. ரெண்டு காலோட பலமும் கிட்டத்தட்ட சமமா இருக்கணும். முழு வேகத்துல 30 மீட்டர் ஓடி சட்டுன்னு நின்னு திரும்பணும். கடைசியா ஒரு சோதனை. மல்லாந்து படுக்க வைச்சு, அடிபட்ட காலை முட்டி மடங்காம கட்டி, மற்ற காலை ஒருத்தர் தரையோட பிடிச்சுக்கணும். அவன் அந்தக் காலை முடிஞ்ச வேகத்துல மேல வீசணும், மூணு தடவை. வலி இல்லைன்னாலும் 'என்னமோ பயமா இருக்குது'ன்னு சொன்னா இன்னும் ஒரு வாரம். இதை மற்ற எல்லாப் பரிசோதனையும் சரியானதுக்கு அப்புறம்தான் செய்யணும், முன்னாடி செஞ்சா நீங்களே கிழிச்சு விட்டுடுவீங்க.

ஊசி: நீங்க கேட்ட, ரத்தத்தைப் பிரிச்சுப் போடற ஊசிக்குப் பேரு பி.ஆர்.பி. 2014 நெதர்லாந்து ஆய்வுல 80 பேர், பாதிப் பேருக்கு அந்த ஊசி, பாதிப் பேருக்கு வெறும் உப்புத்தண்ணி. ரெண்டு பக்கமும் நடுவாந்திரம் 42 நாள். அந்தக் காசுக்கு ஒரு நல்ல மேட் வாங்கலாம்.

எப்போ உடனே ஆஸ்பத்திரி: 'டப்'புன்னு சத்தம் கேட்டிருந்தா, நீலம் முட்டி வரைக்கும் இறங்கினா, உட்கார்ற எலும்புலயே வலி இருந்து பெஞ்சுல உட்கார முடியலைன்னா. தசை எலும்புல இருந்தே பிடுங்கிக்கிட்டு வந்திருக்கலாம், எம்.ஆர்.ஐ. பார்க்கணும். பள்ளிக்கூடப் பசங்களுக்கு, 14-ல இருந்து 18 வயசுக்குள்ள, எக்ஸ்ரே எடுக்காம 'பிடிப்பு'ன்னு விடாதீங்க. அவங்களுக்குத் தசையை விட வளர்ற எலும்போட முனைதான் பலவீனம், அது துண்டா வந்துடும்.


தாராபுரம்_நடுவர்

ரெண்டு விஷயம் விட்டுப் போச்சுங்க. மின்னொளி மேட்ச்சுல ராத்திரி எட்டு மணிக்கு ஒரு ஆட்டம், அடுத்தது பன்னெண்டு, அதுக்கப்புறம் விடியக்காலம். நடுவுல பசங்க சேர்ல சாய்ஞ்சு டீ குடிச்சுக்கிட்டு இருப்பாங்க, பேரைக் கூப்பிட்டதும் அப்படியே எந்திரிச்சு ஓடி வருவாங்க. கால்பந்து இடைவேளை பத்தின 2004 ஆய்வுல, சும்மா உட்கார்ந்தாலே தசைச் சூடு சுமார் 2 டிகிரி இறங்கி ஓட்ட வேகமும் குறைஞ்சுது. இடைவேளையில கொஞ்ச நேரம் ஓடினவங்களுக்குக் குறையலை. அது கால் மணி நேர இடைவேளை, நம்ம ஆளுங்க மூணு மணி நேரம் உட்கார்றாங்க, மார்கழி தை பனியில. முந்தின மேட்ச் ரெண்டாம் பாதி ஆரம்பிச்சதும் டீமை எழுப்பிடுங்க. அஞ்சு நிமிஷம் மெல்லோட்டம், கால் வீசறது, லஞ்ச் (ஒரு காலை முன்னால எடுத்து வைச்சு முட்டியை மடக்கி இறங்கறது), பக்கவாட்டு ஓட்டம், கடைசியா 15 மீட்டர் வேக ஓட்டம் மூணு. ஒரே இடத்துல நிமிஷக்கணக்கா இழுத்துப் பிடிக்கற ஸ்ட்ரெச்சிங் அந்த நேரத்துல வேண்டாம்.

இன்னொண்ணு எடை. 65-க்கு ஆள் 67-ல வந்து நிப்பான். மத்தியானத்துல இருந்து தண்ணி குடிக்காம, ரெண்டு டீசர்ட் போட்டு ஓடிட்டு வந்து தராசு ஏறுவான். உடம்பெடையில 2 சதவீதத் தண்ணி போனாலே ஆட்டம் மந்தமாகும். எடை பார்த்தப்புறம் உப்புப் போட்ட மோரோ, ஓ.ஆர்.எஸ்ஸோ, ஒரேயடியா இல்லாம கொஞ்சம் கொஞ்சமா. 67 கிலோ ஆளை அடுத்த பிரிவுல ஆட விடறதுதான் என் யோசனை.


கோபி_கபடி

எழுதி வைச்சுக்கிட்டேனுங்க. ஒரே ஒரு சந்தேகம் மேடம். கூட்டாளி இல்லாத நாள் பசங்க கட்டில் கம்பிக்கு அடியில காலை மாட்டி நார்டிக் பண்றாங்க, பரவாயில்லையா?


ஈரோடு_பிசியோ

கட்டில் நகராம இருந்தா, கம்பியில துணி சுத்தியிருந்தா சரிங்க. கம்பி குதிகால் தசைநாண் மேல உட்காரக் கூடாது, அதுக்கு மேல கணுக்கால் பக்கம் வரணும். கயித்துக் கட்டில் வேண்டாம், பாதியில கட்டிலே தூக்கிக்கிட்டு வந்துடும்.