ராகு காலம்: காலண்டர் ஒன்று சொல்கிறது, ஆப் வேறு சொல்கிறது

மாடிவீட்டான்:
தினசரி காலண்டரில் திங்கள் ராகு காலம் 7.30 – 9. ஜூன் மாதம் சென்னைக்கு ஆப் 7.19 – 8.56 என்கிறது. எதைப் பார்ப்பது?

நாழிகை:
இரண்டுக்கும் கணக்கு ஒன்றுதான். பகலை எட்டாகப் பிரித்தால் திங்களுக்கு 2-ஆம் பங்கு, சனி 3, வெள்ளி 4, புதன் 5, வியாழன் 6, செவ்வாய் 7, ஞாயிறு 8. காலண்டர் எல்லா நாளும் 6 மணிக்கு விடிந்து 6 மணிக்கு அடைவதாக வைத்துக்கொள்கிறது. பங்குக்கு 90 நிமிடம். ஜூன் நடுவில் சென்னையில் உதயம் சுமார் 5.42, அஸ்தமனம் 6.36. பங்குக்கு 97 நிமிடம் வருகிறது. ஆப் சொல்வதே சரி. உதய நேரத்தோடு ஒரு பங்கைக் கூட்டிப் பார்த்தால் நீங்களே சரிபார்க்கலாம்.

கடல்தாண்டி:
லண்டனில் இருப்பவர்கள் ஊர்க் காலண்டரை அப்படியே பார்க்காதீர்கள். ஜூன் கடைசியில் அங்கே பங்கு 2 மணி நேரத்தைத் தாண்டும். ஆப்பில் லொக்கேஷன் பழைய ஊரிலேயே நின்றிருந்தாலும் தப்பாகத்தான் காட்டும். முதலில் அது காட்டும் உதய நேரத்தை வானிலை ஆப்போடு ஒப்பிடுங்கள்.

நாழிகை:
கிரகம் ராசி மாறும் பெயர்ச்சி விஷயம் வேறு. அங்கே பஞ்சாங்கமே இரண்டு: பழைய வாய்பாட்டுப்படி கணிக்கும் வாக்கியம், இன்றைய வானியல் கணக்கில் கணிக்கும் திருக்கணிதம். திருக்கணிதப்படி சனி கும்பத்துக்கு வந்தது 2023 ஜனவரி 17. வாக்கியப்படி அதே ஆண்டு டிசம்பர் 20. திருநள்ளாறு சனீஸ்வரர் கோயில் வாக்கியத்தைப் பின்பற்றுகிறது. பெரும்பாலான ஆப்கள் திருக்கணிதம். கோயிலுக்கு டிக்கெட் போடுமுன் கோயில் அறிவிப்பைப் பாருங்கள், ஆப்பை நம்பிக் கிளம்பாதீர்கள்.