கான்டெஸ்ஸா இஎஃப்ஐ: சூடானா ஸ்டார்ட் ஆக மாட்டேங்குது, உதவுங்க

அண்ணன்மார்களே, செங்கோட்டைப் பக்கம் யாராவது பழைய வண்டியில இஎஃப்ஐ (எலக்ட்ரானிக் முறையில பெட்ரோல் பீய்ச்சுற அமைப்பு) போட்டு ஓட்டுறீங்களா? என் கான்டெஸ்ஸாவில இருக்கிறது இசுசு 1.8 பெட்ரோல் இன்ஜின். கார்புரேட்டரைக் கழட்டிட்டு நாலு இன்ஜெக்டரும் தனி இசியூவும் (அதைக் கட்டுப்படுத்துற கம்ப்யூட்டர்) மாட்டியிருக்கேன்.

காலையில சாவி திருப்பினதும் பிடிக்குது. புளியரை எஸ் வளைவு ஏத்தத்திலயும் இழுவைக்குக் குறையில்லை. ஆரியங்காவுல சாயா குடிக்க நிறுத்திட்டு வந்தா போச்சு: செல்ஃப் சுத்தும், இன்ஜின் பிடிக்காது. ஆக்சிலேட்டரைக் கொஞ்சம் மிதிச்சுப் பிடிச்சா இருமிக்கிட்டே எழும்பும், அரை நிமிஷம் தள்ளாடும், அப்புறம் ஒண்ணுமே நடக்காத மாதிரி ஓடும்.

சாவி போட்டதும் இன்ஜெக்டர்களுக்குப் பெட்ரோல் கொடுக்கிற ரெயில்ல 3 பார் அழுத்தம் வருது. ஆஃப் பண்ணினா கொஞ்ச நேரத்தில பூஜ்யம். டேங்க்குக்குத் திரும்புற ரிட்டர்ன் ஹோஸை நசுக்கினாலும் இறங்குது. பம்ப்புல இருந்து வர்ற ஹோஸை நசுக்கினா நிக்குது. அப்போ பம்ப்போட செக் வால்வு (பெட்ரோல் பின்னால திரும்பாம தடுக்கிறது) லீக்னு தெரியுது. ஆனா சாவியைத் திரும்பத் திரும்பப் போட்டு 3 பார் ஏத்தின பிறகும் அதே கதைதான். ஸ்பார்க் இருக்கு, பிளக் காய்ஞ்சு கிடக்கு, அதாவது பெட்ரோல் பத்தலை. செல்ஃப் அடிக்கும்போது பேட்டரி 10 வோல்ட்டுக்குக் கீழ போகலை.

என் சந்தேகம் ஏர் டெம்பரேச்சர் சென்சார் மேல. அது மேனிஃபோல்டுல (இன்ஜினுக்குள்ள காத்து போற குழாய்) திருகியிருக்கு. வண்டி நின்னதும் அந்தச் சூட்டை வாங்கிக்கிட்டு, காத்தே கொதிக்குதுன்னு இசியூவுக்குச் சொல்லுது. இசியூ பெட்ரோலைக் குறைச்சிடுது. புனலூர் மெக்கானிக் ஒருத்தர், "கார்புரேட்டரே மதி மோனே"ன்னுட்டார் (கார்புரேட்டரே போதும் மகனேன்னு அர்த்தம்). அந்த யோசனை மட்டும் வேண்டாம்!

சென்சாரை ஏர் ஃபில்டர் பக்கம் மாத்தினா போதுமா, இல்ல இசியூ ட்யூன்ல ஹாட் ஸ்டார்ட்டுக்குத் (சூடா இருக்கும்போது ஸ்டார்ட் பண்றதுக்கு) தனியா பெட்ரோல் கூட்டணுமா? பம்ப்பை டேங்க்குக்குள்ள வச்சவங்க யாராவது இருந்தா அதையும் சொல்லுங்க.