பவர் டிரிப்புக்குப் பின் மைஎஸ்கியூஎல் எழவில்லை, ஸ்கிரிப்ட் போட்டு மீட்கலாமா?

தேக்கா_பில்லிங்:
வணக்கம். சிராங்கூன் ரோட்டில் ஒரு மளிகைக்கடையின் பில்லிங் சர்வர். உபுண்டு 22.04, மைஎஸ்கியூஎல் 8.0 டேட்டாபேஸ், டேட்டா 38 ஜிபி. நேற்று மாலை பவர் டிரிப் ஆனதிலிருந்து சர்வீஸ் எழுந்த சில நொடியில் விழுகிறது. எரர் லாக்கில் 'டேட்டாபேஸ் பேஜ் கரப்ஷன் ஆன் டிஸ்க்'. தினமும் அதிகாலை 2 மணிக்கு டம்ப் (டேட்டாவை எஸ்கியூஎல் ஃபைலாக எழுதிவைக்கும் பேக்கப்) எடுக்கிறோம். ஃபோர்ஸ் ரிகவரியை (டேட்டா கெட்டிருந்தாலும் சர்வரை எழுப்பப் பார்க்கும் செட்டிங்) 1லிருந்து 6 வரை ஏற்றிப் பார்க்க ஸ்கிரிப்ட் ஓடவிடலாமா?

ஈசூன்_ரூட்:
வேண்டாம் அண்ணே. 4ம் அதற்கு மேலும் டேட்டா ஃபைலையே நிரந்தரமாகக் கெடுத்துவிடலாம். எங்கே நிற்பது என்று ஸ்கிரிப்டுக்குத் தெரியாது.

முதலில் சர்வீஸை நிறுத்தி மாஸ்க் (எழவிடாத பூட்டு) போடுங்கள். இல்லையென்றால் சர்வீஸ்களைக் கவனிக்கும் சிஸ்டம்டி அதை விழ விழ எழுப்பும். பிறகு டேட்டா டைரக்டரி முழுவதையும் வேறு டிஸ்க்குக்கு காப்பி எடுங்கள். டேபிள்கள் இருக்கும் ஐபிடி ஃபைல்கள் மட்டும் பத்தாது. ஐபிடேட்டா1, அன்டூ, ரீடூ, பின்லாக் (டேட்டாவில் நடந்த மாற்றங்களின் பதிவு) எல்லாம் சேர்ந்து வரவேண்டும். கெர்னல் லாக்கில் ஐஓ எரர் தெரிந்தால் போய்க்கொண்டிருப்பது டிஸ்க்கேதான். அப்போது சாதாரண காப்பி வேண்டாம், கெட்ட டிஸ்க்கிலிருந்து மீட்கும் டிடிரெஸ்கியூ டூலில் எடுங்கள்.

அந்தக் காப்பியில் 1 வைத்து எழுப்புங்கள். நிற்காவிட்டால் 2, அப்புறம் 3. எழுந்ததும் டம்ப்.

ஜூரோங்_பேஷ்:
ஸ்கிரிப்டுக்கு வேலை அந்த டம்ப்பில்தான். மொத்தமாக எடுத்தால் கெட்ட டேபிளில் முட்டி நின்றுவிடும். டேபிள் பட்டியலை ஃபைலில் எழுதி, வைல் ரீட் லூப்பில் ஒவ்வொன்றாக எடுங்கள். வழக்கமாகத் தவறும் இடங்கள்:

செட் மைனஸ் ஈ போடாதீர்கள், முதல் தோல்வியிலேயே ஸ்கிரிப்ட் செத்துவிடும். டம்ப்பைச் சுருக்க ஜிஜிப்புக்குப் பைப் செய்தால் பைப்ஃபெயில் ஆப்ஷன் கட்டாயம். இல்லாவிட்டால் டம்ப் தோற்றாலும் ஜிஜிப்பின் 0 (வெற்றி என்ற குறி)தான் கைக்கு வரும். லூப்புக்குள் மைஎஸ்கியூஎல் கிளையன்ட்டை அழைத்தால் அது மீதிப் பட்டியலையே விழுங்கிவிடும், அதன் இன்புட்டை டெவ் நல்லுக்கு (எதுவும் இல்லாத வெற்று ஃபைல்) திருப்புங்கள். கெட்ட பேஜைத் தொட்டதும் சர்வரே விழலாம். எழுந்து பிங்குக்குப் பதில் தரும்வரை காத்திருந்து அடுத்த டேபிளைத் தொடுங்கள். ஒவ்வொரு ஃபைலின் கடைசி வரியில் 'டம்ப் கம்ப்ளீட்டட்' இருக்கிறதா என்றும் பாருங்கள்.

அடம்பிடிக்கும் டேபிளை வேர் (WHERE) கண்டிஷன் கொடுத்து ஐடி 10,000 10,000 ஆக எடுத்து, விழும் துண்டை மட்டும் பிரித்துச் சின்னதாக்குங்கள்.

காலாங்_டிபிஏ:
2 மணி டம்ப் கையில் இருக்கும்போது இந்தச் சர்ஜரி எதற்கு? 8.0ல் பின்லாக் தானாகவே ஆன், 30 நாள் தங்கும். வேறு மெஷினில் புது மைஎஸ்கியூஎல் போட்டு டம்ப்பை ஏற்றுங்கள், மேலே பின்லாக்கை ஓடவிடுங்கள்.

பின்லாக்கை எங்கிருந்து ஓட்டுவது என்பதை மணி பார்த்துக் கொடுக்காதீர்கள். பின்லாக் டூல் தான் ஓடும் மெஷினின் டைம்ஜோனையே எடுக்கும். புது மெஷின் யூடிசியில் இருந்தால் நம் 2 மணி அங்கே முந்தின நாள் 18:00. அங்கே 2 மணி என்றே கொடுத்தால் 8 மணி நேர பில் விடுபடும். டம்ப் சோர்ஸ் டேட்டா ஆப்ஷனோடு எடுக்கப்பட்டிருந்தால் ஃபைலின் தலையிலேயே பின்லாக் பெயரும் பொசிஷனும் இருக்கும்.

தேக்கா_பில்லிங்:
பொசிஷன் இருக்கிறது. அதற்குப் பிறகு 3 பின்லாக் ஃபைல்கள்.

காலாங்_டிபிஏ:
மூன்றையும் ஒரே கமாண்டில் கொடுங்கள். கடைசி ஃபைலின் வால் டிரிப்பில் அறுந்திருந்தால் அங்கே எரர் வரும். அதற்கு முன் முடிந்த டிரான்சாக்ஷன்கள் எல்லாம் ஏறியிருக்கும். கடைசி பில் நம்பரை பிரின்டர் ரோலோடு ஒத்துப் பாருங்கள்.