நோட் குரூப்புக்குத் தமிழ்ல என்ன? திங்கக்கிழமைக்குள்ள வேணும்

எல்லாருக்கும் வணக்கம். பிளெண்டர்ங்கற 3டி மென்பொருள்ல கம்பாசிட்டிங் (படங்களை ஒண்ணாச் சேக்கறது) பாடக்குறிப்பைத் தமிழாக்கிட்டு இருக்கேன், திங்கக்கிழமை வகுப்பு. நோடுக்கு (ஆளுக்கொரு வேலை செய்யற பெட்டி, ஒயரால இணைப்போம்) 'கணு'ன்னு முன்னாடியே முடிவாயிடுச்சு. நாலஞ்சு கணுவைத் தேர்ந்து கன்ட்ரோல்-ஜி அடிச்சா எல்லாம் உள்ள போயி ஒத்தக் கணுவா நிக்குதே, அதுக்கு என்ன பேரு? 'தொகுப்பு'ன்னு போட்டேன், பசங்க எடிட்டுன்னு எடுத்துக்கறாங்க, விக்கிப்பீடியாவுல 'தொகு'ன்னா அதானே.

---

தம்பி, இலக்கணத்துல 'தொகை' இருக்க வேற எதுக்கு? 'பால் குடித்தான்'ல 'ஐ' எங்க? இருக்கு, ஆனா கண்ணுக்குத் தெரியல. உங்க குரூப்புலயும் உள்ள இருக்கறது மறைஞ்சுதான வேலை செய்யுது. டேப் தட்டினா உள்ள இருக்கறது தெரியுமே, அதத்தான் நாங்க தொகையை விரிக்கறதுன்னு வகுப்புல நடத்தினோம். கணுத்தொகை. 'பசுத்தோல்' மாதிரி வலி மிகும், ஒற்றை விட்டுடாதீங்க.

---

> கணுத்தொகை

அழகா இருக்கு ஐயா, ஆனா எங்க ஸ்டுடியோவுல தொகைன்னா வராத சம்பளம்தான் ஞாபகம் வரும் :) 'கூட்டுக்கணு' எப்படி? வெளிய பாத்தா அதுவும் ஒரு கணுதான், ஒயர் மாட்டலாம், நகத்தலாம், அதனால சொல் கணுன்னு முடியணும். கணுக்குழுன்னா ஒரு வகைக் குழுன்னு ஆயிடும்.

---

மேத் நோடுல ஆட்-க்கு (எண்களைக் கூட்டறதுக்கு) 'கூட்டு' போட்டாச்சே. கூட்டுக்கணுவுக்குள்ள கூட்டு கணு, ஒரு 'க்' விட்டுப்போனா முடிஞ்சுது கதை.

---

கரும்பு போடற வீட்லேந்து ஒருத்தன் சொல்றேன், கணுன்னு வச்சப்பறம் ஏன் வெளிய தேடறீங்க. ரெண்டு மூணு பரு இருக்கற துண்டா வெட்டி வேற வயல்ல நடறோமே, அது கரணை. பல கணு ஒண்ணா இருக்கு, எடுத்துட்டுப் போயி எங்க வேணாலும் நடலாம். மறுபயன்பாடு அந்தச் சொல்லுக்குள்ளயே இருக்கு.

---

கரணை அட்டகாசம் அண்ணே, ஆனா நட்டதும் ஒவ்வொண்ணும் தனிக் கரும்பு ஆயிடுதே. நியூக்ங்கற இன்னொரு கம்பாசிட்டிங் மென்பொருள்ல குரூப்பைக் காப்பி அடிச்சா அப்படித்தான், ஒண்ணுல மாத்தினது இன்னொண்ணுக்குத் தெரியாது. பிளெண்டர்ல பத்து எடத்துல போட்டாலும் உள்ள இருக்கறது ஒண்ணே, ஒரு எடத்துல உள்ள போயி பிளரை (மங்கலாக்கற அளவை) மாத்தினா பத்துலயும் மாறும், குரூப் இன்புட் வழியா வெளிய எடுத்து வச்ச மதிப்பு மட்டும்தான் எடத்துக்கு எடம் வேற. தனியாக்கணும்னா பேருக்குப் பக்கத்துல இருக்கற எண்ணைத் தட்டணும். அப்பறம் நியூக் கிஸ்மோ (தனி ஃபைலா சேமிச்ச குரூப்) அந்த ஃபைலை நம்பி நிக்கறது, அது மூணாவது சாதி. மூணுக்கும் கரணையா?

---

மூலத்துக்குப் போனா நோடுங்கறதே லத்தீன்ல முடிச்சு. கணுன்னு வச்சதே தப்போன்னு தோணுது...

---

ஐயா, கால்ல விழறேன், அதை மறுபடி ஆரம்பிக்காதீங்க.

---

ஞாயிறு ராத்திரி 11 மணி. 'கணுக்குழு' போட்டுட்டேன், மூணு பேர் சரின்னீங்க, ரெண்டு பேர் பதிலே சொல்லல. பசங்க கணுக்கால்னு சிரிப்பாங்க, சிரிக்கட்டும். அன்குரூப்புக்குக் 'குழு கலை'ன்னு எழுதினேன், படிச்சுப் பாத்தா ஏதோ நாட்டியக் குழு மாதிரி இருந்துச்சு, 'குழு பிரி'ன்னு மாத்திட்டேன். கிஸ்மோ இப்போதைக்குக் கிஸ்மோ.

---

குழுன்னா கமிட்டி தம்பி. எங்கிட்ட இருக்கற பிரதியில கரணைன்னுதான் திருத்தி வச்சிருக்கேன்.